வானில் ஐம்பது நிமிடம்... மற்றதெல்லாம் தரையில்!

சிங்காநல்லூரிலிருந்து சென்னைக்கும் லண்டனுக்கும் கொங்கு மண்டலம் இழக்கும் நேரத்தின் கணக்கு

லண்டன் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து பாரீஸ் வரை தண்டவாளத்தின் நீளம் 492 கிலோமீட்டர். கோவை ஜங்ஷனிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை 495 கிலோமீட்டர். வானத்தில் அளந்தாலும் இரண்டும் பங்காளிகள்தான். ஹீத்ரோவிலிருந்து பாரீஸின் சார்ல் து கோல் விமான நிலையம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் 400 கிலோமீட்டர். இரண்டு தடங்களிலும் விமான அட்டவணை சொல்லும் நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டித்தான் இருக்கிறது.

ஆனால், லண்டன்காரர் யூரோஸ்டார் ரயிலில் ஏறினால் வேகமான வண்டி 2 மணி 16 நிமிடத்தில் பாரீஸ் நகரின் நடுவே இறக்கிவிடும். நமது ஊரின் வேகமான ரயிலான வந்தே பாரத் சென்னைக்கு எடுத்துக்கொள்வது 5 மணி 50 நிமிடம். ஒரே தூரத்துக்கு இரண்டரை மடங்கு நேரம்.

ஐரோப்பாவின் இரண்டு தலைநகரங்களையும் கொங்கு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தொழில் நகரம் என்று பெயர் வாங்கிய கோவை, விமானம் பறக்கும் வேகத்தால் பின்தங்கவில்லை. விமானத்தில் ஏறுவதற்கு முன்பும், இறங்கிய பின்பும், இடையில் மாறுவதற்குக் காத்திருக்கும்போதும்தான் நம் நேரம் கரைகிறது.

டிக்கெட்டில் இருக்கும் ஒன்றேகால் மணி

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுக்கப் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்தியிருந்த இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானம் கிளம்பக் காத்திருப்பது, சென்னை வானத்தில் இறங்க முறை வரும் வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதப் பெயர் வராமல் இருக்க விமானக் கம்பெனிகள் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்துத்தான் அட்டவணை போடுகின்றன.

கோவையிலிருந்து கிளம்பும் ஒரு ஏர்பஸ் ஏ320, சென்னைக்குப் போக வானில் இருப்பது சுமார் 50 நிமிடம். அதிலும் முதல் பதினைந்து, இருபது நிமிடம் மேலே ஏறுவதிலும், கடைசி இருபது, இருபத்தைந்து நிமிடம் கீழே இறங்குவதிலும் போய்விடும். முழு வேகத்தில் நேராகப் பறப்பது கொஞ்ச நேரமே. அதனால்தான் குறைந்த தூரத்தில் விமானத்தின் வேகத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஜெட்டுக்கும், 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஏடிஆர் என்ற விசிறி விமானத்துக்கும் இந்தத் தடத்தில் வித்தியாசம் இருபது நிமிடம் அளவுக்குத்தான். சேலம் காமலாபுரத்தின் 1,806 மீட்டர் ஓடுபாதையில் ஏடிஆர் இறங்கி ஏற முடிகிறது என்றால், சின்ன ஊர்களுக்கு அந்தச் சின்ன விமானமே போதும் என்பதற்கு அதுவே சாட்சி.

வாசலிலிருந்து வாசலுக்கு

இப்போது சிங்காநல்லூரில் குடியிருக்கும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பகுதிக்கு விமான நிலையம் கூப்பிடு தூரம். திருச்சி ரோட்டிலிருந்து காமராஜர் ரோடு வழியாக ஹோப் காலேஜ் வந்து, அவினாசி ரோட்டில் திரும்பி, விமான நிலையத்தை ஒட்டிய சித்ராவைப் பிடித்தால் முடிந்தது. நெரிசல் இல்லாத விடியற்காலையில் இருபது நிமிடம்.

அதன் பிறகுதான் காத்திருப்பு. செக் இன், செக்யூரிட்டி, போர்டிங் என்று குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போயாக வேண்டும். ஒன்றேகால் மணி விமானத்தில். மீனம்பாக்கத்தில் லக்கேஜ் பெல்ட்டில் நின்று பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் போக, மெட்ரோ பிடித்தாலும் நடையும் காத்திருப்புமாக ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் நாலரை மணி நேரத்துக்குக் குறைவில்லை. இதில் பறந்தது 50 நிமிடம்.

அதே சிங்காநல்லூர்க்காரர் காலை 6 மணி வந்தே பாரத்தைப் பிடித்தால், ஜங்ஷன் போக அரை மணி, பிளாட்பாரத்தில் பத்து நிமிடம், ரயிலில் 5 மணி 50 நிமிடம். ஆறரை மணி நேரத்தில் சென்ட்ரல் வாசலில் நிற்பார். விமானம் மிச்சப்படுத்திக் கொடுத்தது இரண்டு மணி நேரம். டிக்கெட்டை மட்டும் பார்த்தவருக்கு நாலரை மணி நேரம் மிச்சமானது போலத் தோன்றும். இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால்தான் அரசிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

தரையில் கிடைக்கும் ஒவ்வொரு நிமிடமும் வானத்தில் கிடைப்பதற்குச் சமம். 2016 செப்டம்பரில் சென்னை மெட்ரோ மீனம்பாக்கம் வரை வந்ததும், 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டதும், எந்தப் புது விமானத்தாலும் தர முடியாத நேரத்தை நமக்குத் தந்திருக்கின்றன. இந்தப் பாலத்துக்கு முன்னால், லட்சுமி மில்ஸ் சிக்னலிலும் ஹோப் காலேஜ் சிக்னலிலும் நின்று விமானத்தைத் தவறவிட்டவர்கள் ஊரில் நிறையப் பேர்.

ஐரோப்பா செய்த காரியம்

ஐரோப்பிய நகரங்கள் இந்தக் கணக்கை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவிட்டன. 1981-இல் பாரீஸுக்கும் லியோனுக்கும் இடையே டிஜிவி அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை இன்று இரண்டு மணி நேரத்தில் கடக்கிறார்கள். 1994-இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் 50 கிலோமீட்டர் சுரங்கம் அமைந்து, நவம்பரில் யூரோஸ்டார் ஓடத் தொடங்கியதும், லண்டன் பாரீஸ் பயணிகளில் பெரும்பகுதியினர் ரயிலுக்கு மாறினார்கள்.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று 2023 மே மாதம் ஆணை பிறப்பித்தது. பாரீஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ நகரங்களுக்குப் போன விமானங்கள் நின்றன. புகையும் குறைந்தது, பயணிக்கும் நஷ்டம் இல்லை. வியன்னாவும் பிராட்டிஸ்லாவாவும் 55 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு தலைநகரங்கள். ஒரு மணி நேரத்தில் ரயில் கொண்டுபோய்விடுவதால் அங்கே விமானத்தை யாரும் தேடுவதில்லை.

நம்மிடம் மாற்று வழி பலமாக இல்லாததால், இங்கே அப்படி ஒரு தடை போட முடியாது, போடவும் கூடாது. ஆனால், சென்னை, பெங்களூரு போன்ற பக்கத்து ஊர்களுக்கு ரயிலின் வேகத்தைக் கூட்டிவிட்டால், விமான நிலையத்தின் நேரத்தையும் இடத்தையும் தொலைதூரப் பயணங்களுக்கு ஒதுக்கலாம். பக்கத்து ஊருக்கு ரயிலும் தூர தேசத்துக்கு விமானமும் என்று பிரித்துக்கொண்டதுதான் ஐரோப்பா நமக்குத் தரும் பாடம்.

கடிகாரம் காட்டும் மாயம்

லண்டனுக்கும் பாரீஸுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். ஒன்றேகால் மணி விமானம், போகும்போது இரண்டேகால் மணி நேரம் ஆனதாகவும் திரும்பும்போது கால் மணி நேரம் ஆனதாகவும் கடிகாரம் காட்டும். கோவைக்காரர்களுக்கு இந்த அனுபவத்தைச் சிங்கப்பூர் தருகிறது. 3,160 கிலோமீட்டர் தூரத்தை விமானம் சுமார் நாலேகால் மணி நேரத்தில் கடக்கும். இரவு 10.30-க்குக் கோவையில் கிளம்பினால் அங்கே அதிகாலை 5.15. இரவு 8 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பினால் இங்கே இரவு 9.45. முதல் முறை மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகும் பெரியவர்கள், மாத்திரை சாப்பிடும் நேரத்தைக் கடிகாரத்தை நம்பாமல் இடைவெளியை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

லண்டனுக்கு 8,200 கிலோமீட்டர்

கோவையிலிருந்து லண்டனுக்கு, பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். நேராக ஒரு விமானம் போனால் பத்து, பத்தரை மணி நேரப் பயணம். அப்படி ஒரு விமானம் இல்லை. ஐரோப்பாவின் எந்த நகரத்துக்கும் கோவையிலிருந்து நேரடி விமானம் கிடையாது.

1940-இல் தொடங்கிய விமான நிலையம் இது. 1995-இல் ஷார்ஜாவுக்கு முதல் சர்வதேச விமானம் பறந்தது. 2007-இல் சிங்கப்பூர் சேர்ந்தது. 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியைக் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் அபுதாபி வந்தது. ஆண்டுக்கு 30 லட்சம் பயணிகள் வந்துபோகும் நிலையத்துக்கு, வெளிநாட்டு ஊர்கள் இன்னும் விரல் விட்டு எண்ணும் அளவில்தான்.

அபுதாபி வழியாக லண்டன் போகிறவரின் கணக்கைப் பாருங்கள். கோவை – அபுதாபி சுமார் 2,800 கிலோமீட்டர். அபுதாபி – லண்டன் சுமார் 5,500. மொத்தம் 8,300. நேர்வழியைவிட நூறு, நூற்றிருபது கிலோமீட்டர்தான் அதிகம். விமானத்துக்கு அது பத்து நிமிடத் தூரம்கூட இல்லை. ஆனால் பயணிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் நேரம், அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் என்று மூன்று, நான்கு, சில சமயம் எட்டு மணி நேரம்கூட ஆகிறது. தூரம் கூடவில்லை, நேரம் மட்டும் கூடுகிறது.

சென்னை வழியாகப் போனால் நிலைமை வேறு. மேற்கே போக வேண்டியவர் முதலில் 400 கிலோமீட்டர் கிழக்கே போய், அங்கிருந்து லண்டனுக்குத் திரும்ப வேண்டும். டெல்லி வழியாகப் போகிறவருக்கு 2025 ஏப்ரலில் இன்னொரு சுமை சேர்ந்தது. இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியதால், இந்தியக் கம்பெனிகளின் ஐரோப்பிய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வரைபடத்தில் தூரம் மாறவில்லை. பறக்கும் தூரம் மாறியது. இதற்கு மேல் காற்றின் கணக்கு ஒன்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றை எதிர்த்துப் பறப்பதால் ஐரோப்பாவுக்குப் போகும் நேரம் கூடும்; திரும்பும் நேரம் குறையும்.

எனவேதான் கோவையிலும் திருப்பூரிலும் பலர், வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு 170 கிலோமீட்டர் தள்ளி, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்குப் போகிறார்கள். வானத்தில் கோவைக்கும் கொச்சி விமான நிலையத்துக்கும் 120 கிலோமீட்டர்தான். சாலையிலோ பாலக்காட்டைத் தாண்டிக் குதிரான் மலையில் சிக்கினால் விமானம் போய்விடும் என்ற பயம் இருந்தது. 2021-இல் குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தப் பயம் தணிந்தது. கேரளத்து மலையில் வெட்டிய ஒரு சுரங்கம், கோவைக்காரரின் ஐரோப்பியப் பயணத்தைச் சுருக்கியிருக்கிறது.

2,990 மீட்டர்

நேரடி விமானம் வராததற்குப் பல காரணங்கள். இரு நாட்டு ஒப்பந்தங்கள், பயணிகள் எண்ணிக்கை, கம்பெனிகளின் லாபக் கணக்கு எல்லாம் உண்டு. ஆனால் நம் கையில் இருக்கிற காரணம் ஒன்றுதான். அது ஓடுபாதை.

கோவை ஓடுபாதையின் நீளம் 2,990 மீட்டர். கொச்சியில் 3,400. சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். பெங்களூருவில் 4,000. ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களுக்குக் கோவை ஓடுபாதை தாராளம். ஐரோப்பாவுக்கு நிற்காமல் போகும் இரண்டு நடைபாதைப் பெரிய விமானங்கள், பத்து மணி நேரத்துக்கான எரிபொருளையும் முந்நூறு பயணிகளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு மேலெழும்ப நீண்ட ஓட்டம் தேவை. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் காற்று சூடாகி அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைக்குத் தூக்கும் பலமும் இன்ஜினுக்குத் தள்ளும் பலமும் குறைகின்றன. ஓட வேண்டிய தூரம் இன்னும் நீள்கிறது. பாதை போதாதபோது எடையைக் குறைப்பது ஒன்றே வழி. ஆட்களையும் சரக்கையும் இறக்கிவிட்டுப் பறந்தால் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது.

ஓடுபாதையின் இரு முனைகளிலும் 05, 23 என்று பெரிதாக எழுதியிருக்கும். வடகிழக்கே 50 டிகிரியையும் தென்மேற்கே 230 டிகிரியையும் நோக்கிய பாதை என்பதற்கான அடையாளம் அது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் விமானங்கள் ஏறும், இறங்கும். அந்த மாதங்களில் தென்மேற்கு முனை தாண்டி மேலெழும்பும் விமானங்களின் சத்தம் சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் வீடுகளுக்குப் பழகிப்போன ஒன்று.

திருப்பூரின் அவசரம்

ஓடுபாதையின் நீளம் பயணிகளின் பிரச்சினை மட்டும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஐரோப்பா முக்கியமான சந்தை. வழக்கமாகச் சரக்கு தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பத்து நாள், இரண்டு வாரம் என்று பயணம் நீண்டது. பையர் கொடுத்த டெலிவரி தேதி மட்டும் நீளவில்லை.

தேதி தவறும் நிலையில் இருக்கும் ஒரே வழி ஏர் ஷிப்மென்ட். ஏரில் போட்டால் அந்த ஆர்டரின் லாபம் அதிலேயே போய்விடும் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பையரைத் தக்கவைக்கப் போடுகிறார்கள். ஏ320 வகை விமானத்தின் வயிற்றில் இரண்டு, மூன்று டன் சரக்கு ஏறும். பெரிய விமானங்களில் பதினைந்து டன்னுக்கு மேல் ஏறும். பெரிய விமானம் கோவைக்கு வராததால், அவினாசி ரோட்டில் 50 கிலோமீட்டரில் விமான நிலையம் இருந்தும், திருப்பூர் அட்டைப்பெட்டிகள் லாரி ஏறிக் கொச்சிக்கும் பெங்களூருவுக்கும் சென்னைக்கும் போகின்றன. மணிக்கணக்கை எண்ணித் தவிக்கும் சரக்கு, முதலில் ராத்திரி முழுக்க லாரியில் பயணம் செய்கிறது.

நிலம் கொடுத்தவர்கள்

ஓடுபாதையை 3,800 மீட்டராக நீட்டவும், புது முனையம் கட்டவும் 600 ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்பட்டது. 2010 வாக்கில் தொடங்கியது நில எடுப்பு. காளப்பட்டி, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், இருகூர், நீலாம்பூர் கிராமங்களின் பட்டா நிலங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. அதன் பின் கடந்தவை நீண்ட ஆண்டுகள். குறித்த நிலத்தை விற்க முடியாது. வீடு கட்ட முடியாது. அதை வைத்துக் கடன் வாங்க முடியாது. பிள்ளையின் படிப்புக்கோ மகளின் கல்யாணத்துக்கோ என்று வைத்திருந்த காணி, பத்திரத்தில் மட்டும் சொத்தாக இருந்தது.

விலை நிர்ணயம், வழக்குகள், இழப்பீட்டு நிதி, பாதுகாப்புத் துறை நிலம் என்று ஒவ்வொரு படியிலும் ஆண்டுகள் ஓடின. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. பிறகு நிலத்தை எந்த நிபந்தனையில் ஒப்படைப்பது என்பதில் மாநில அரசும் மத்திய அரசும் உடன்பட நாளாயிற்று. 2024-இல்தான் மாநில அரசு நிபந்தனைகளைத் தளர்த்தி, விமான நிலைய ஆணையத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையில் நிலத்தைக் கொடுக்க முன்வந்தது. நில எடுப்பு தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, அதற்குள் கல்லூரி வாசலை மிதித்துவிட்டது.

ஊருக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நன்றி மேடைப் பேச்சில் இல்லை. அவர்கள் கொடுத்த நிலத்தில் வேலை நடக்க வேண்டும். இழப்பீடு பாக்கி இருப்பவர்களுக்கு வட்டியோடு சேர வேண்டும். வீடிழந்தவர்களுக்கு மாற்று இடம் கையில் கிடைக்க வேண்டும்.

சிங்காநல்லூர்க் குளத்தையும் இங்கே மறக்கக் கூடாது. நொய்யலின் நீரை வாங்கும் 288 ஏக்கர் குளம் அது. மாநகராட்சியே பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. பறவைகள் விமானத்தில் மோதும் அபாயம் எந்த விமான நிலையத்துக்கும் உண்டு. அதற்குக் குளத்தின் மேல் பழி போட வேண்டாம். பருந்தையும் காக்கையையும் ஓடுபாதைப் பக்கம் இழுப்பது சுற்றுவட்டாரத்தில் கொட்டும் இறைச்சிக் கழிவும் குப்பையும்தான். அதை அள்ளினால் குளமும் பிழைக்கும், விமானமும் பத்திரமாக இறங்கும்.

இனி கேட்க வேண்டியவை

கொங்கு மண்டலம் இதுவரை விமானங்களின் எண்ணிக்கையைக் கேட்டுப் பழகிவிட்டது. இனி நேரத்தைக் கேட்க வேண்டும்.

ஓடுபாதை நீட்டிப்புக்குத் தேதி குறித்த கால அட்டவணை ஒன்றை விமான நிலைய ஆணையம் மக்கள் முன் வைக்கட்டும். ஒவ்வொரு மூன்று மாதமும் எவ்வளவு வேலை முடிந்தது என்று மாவட்ட நிர்வாகம் சொல்லட்டும். பெரிய சரக்கு விமானம் நிற்கும் இடமும், திருப்பூர் சரக்குக்கான கிடங்கும் முதல் கட்டத்திலேயே வரட்டும். கோவை – சென்னை ரயில் பாதையில் வேகத்தைக் கூட்டி, ஐந்து மணி நேரத்துக்குள் கொண்டுவரும் திட்டத்தை ரயில்வே அறிவிக்கட்டும். விமான நிலையத்திலிருந்து சிங்காநல்லூர், காந்திபுரம், ஜங்ஷன், திருப்பூருக்கு நேரம் தவறாத பேருந்துகள் இரவு பகலாக ஓடட்டும். இதில் கடைசிக் கோரிக்கைக்குப் பெரிய நிதி தேவையில்லை. மனம் இருந்தால் அடுத்த மாதமே தொடங்கலாம்.

நிலம் கேட்டார்கள், சிங்காநல்லூரும் சுற்றுக் கிராமங்களும் கொடுத்துவிட்டன. இனி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது அரசுகளின் கடமை. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் கோவைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 3,800 மீட்டர் ஓடுபாதையில் முதல் விமானம் எந்தத் தேதியில் இறங்கும்?